இரவல் போன துப்பாக்கி

1

பினாங்கில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கிற ஊர்க்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சௌக்கியம் இல்லை. கடல் கடந்து வந்தவன் எழுதினால் கட்டடம், கப்பல், மோட்டார் வண்டி என்று எழுதுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. இன்றைக்கு நான் எழுத உட்கார்ந்தது துப்பாக்கியைப் பற்றி. படிக்கப் பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. படிக்கிறவர்கள் மலையில் இருக்கிற என் அண்ணனுக்கு மட்டும் படித்துக் காட்டாதீர்கள்.

சப்பான் சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, நம் பக்கத்து மனிதர் ஒருவர் முதல் தடவையாக என் வீட்டுக்கு வந்தார். பெயர் செங்கோடன். பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு வியாபாரம். சண்டையில் காணாமல் போன மைத்துனனைத் தேடிக்கொண்டு வந்தவர். புறப்படுமுன் கொல்லிமலையில் குண்டூர் நாட்டுக்கு ஏறிப்போய் என் அண்ணன் வெள்ளையனிடமும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணன் ஒரு சின்ன மூட்டை சாமையைக் கொடுத்து, ஒரு கேள்வியும் கேட்டு வரச் சொல்லியிருந்தார்.

அவர் வந்த நாள் என் மூத்த மகன் முருகேசனுடைய திதி. பாவம், வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்? "ஏனுங்க, கொல்லிமலைக்காரர் ஊடு இதுதானுங்களா?" என்று சிரித்த முகத்தோடு வாசலில் நின்றார். உள்ளே வந்து மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது யாருங்க?"

"என் மூத்த பையனுங்க. சப்பான்காரன் வந்தப்பப் போயிட்டான்."

"அடக் கடவுளே! அண்ணனுக்கு இது தெரியாதுங்களே!"

தெரியாதுதான். சண்டை நடந்தபோது கடுதாசி போக வழியில்லை. வழி திறந்த பிறகு எழுதக் கை வரவில்லை. என் மனைவி பாப்பாத்தி அவருக்கு இலை போட்டாள். மனிதர் தலை நிமிராமல் சாப்பிட்டார். என் இளைய மகள் கமலம் சாமை மூட்டையை அவிழ்த்து, விரலால் அளைந்து பார்த்து, "அப்பா, இது குருவிக்குப் போடறதா?" என்று கேட்டாள். பன்னிரண்டு வயதுப் பெண். சப்பான் பாஷையில் நூறு வரை எண்ணுவாள், மலாய்க்காரப் பிள்ளைகளோடு மலாயில் சண்டை போடுவாள். அவள் அப்பன் தின்று வளர்ந்த தானியம் அவளுக்குக் குருவித் தீனி. அவளைச் சொல்லி என்ன பயன்?

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் செங்கோடன் வாயைத் திறந்தார்.

"அண்ணன் ஒன்னு கேட்டு வரச் சொன்னாருங்க. இந்த நாள்ல கேக்கறதா வேண்டாமான்னு தெரியல."

"கேளுங்க. இனி என்ன இருக்குது?"

"துப்பாக்கி வந்து சேந்துச்சாங்களா?"

எந்தத் துப்பாக்கி என்று கேட்டேன்.

"உங்க ஊட்டுத் துப்பாக்கிதானுங்க."

2

எங்கள் மலையில் துப்பாக்கி என்றால் பட்டாளத்துத் துப்பாக்கி இல்லை. வாய் வழியாக மருந்தும் ஈயக் குண்டும் போட்டுக் குச்சியால் இடிக்கிற நாட்டுத் துப்பாக்கி. சாமைக் கதிர் தலை சாயும் நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு கூட்டம் ஒரு முறை இறங்கினால் போதும், வருஷத்துச் சோறு போயிற்று. எல்லா வீட்டிலும் துப்பாக்கி கிடையாது. இருக்கிற வீடு இல்லாத வீட்டுக்கு இரவல் கொடுக்கும்.

இரவலுக்கு ஒரு முறை உண்டு. சுட்டு விழுந்தால் இறைச்சியில் ஒரு பங்கு துப்பாக்கிக்கு. துப்பாக்கிக்காரனுக்கு இல்லை, துப்பாக்கிக்கு. அதன் முன்னால் வைத்துவிட்டுத்தான் வீட்டார் எடுக்க வேண்டும். சுடவே இல்லை என்றால் ஒரு பிடி சாமை. வெறும் வாயோடு துப்பாக்கி வீடு திரும்பக் கூடாது. பள்ளத்தில் விழுந்து உடைந்தோ தொலைந்தோ போனாலும், கொண்டுபோனவன் ஒரு பிடி சாமையோடு வந்து, வேட்டை முடிந்தது என்று சொல்ல வேண்டும். அவனால் வர முடியாவிட்டால் அவன் வீட்டார் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அந்தத் துப்பாக்கி வேட்டையில் இருப்பதாகத்தான் கணக்கு. தன் துப்பாக்கி வேட்டையில் இருக்கும்போது அந்த வீட்டுக்காரன் அடுத்தவன் துப்பாக்கியைத் தொடமாட்டான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் கேட்டதில்லை.

செங்கோடன் சொன்ன கதை இதுதான்.

"சண்ட நடக்கறப்ப, ஒரு சந்த நாளாப் பாத்துத் தாலுக்கா ஆபீஸ் ஆளுங்க வந்தாங்க. லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் சர்க்காருக்குக் குடுக்கோணும், சண்ட முடிஞ்சதும் திருப்பித் தருவோம்னு தமுக்கு அடிச்சாங்க. மலைக்காரங்க பாதிப்பேரு பாறச் சந்துல சொருகி வெச்சுட்டு, தொலைஞ்சு போச்சுங்கன்னு கையை விரிச்சுட்டாங்க."

"அண்ணன்?"

"அவரு அடிவாரத்துல காரவள்ளிக்கு எறங்கி, அங்கிருந்து நடந்து வந்து தானாக் குடுத்தாருங்க. சந்தனம் பூசி, மஞ்சக் கயிறு கட்டி! இது எங்கீங்க போவுதுன்னு பியூன்கிட்டக் கேட்டாரு. அவன் நக்கல் புடிச்சவன். கடல் தாண்டிப் போவுது, சப்பான்காரனச் சுடன்னான். உங்கண்ணனுக்கு மொகமெல்லாம் பூத்துப் போச்சு. எந்தம்பி அங்க துப்பாக்கி ஆபீஸ்லதான் இருக்கறான், அவம் பையனும் பட்டாளத்துல சேந்துட்டான், பையன் கைக்குத்தான் போவுதுன்னு சந்த முழுக்கச் சொல்லிட்டுப் போனாருங்க."

மேலே சொல்லுங்கள் என்றேன்.

"இப்ப ஒளிச்சு வெச்சவங்க துப்பாக்கியெல்லாம் வெளிய வந்துருச்சுங்க. உங்கண்ணன் காட்டுலதான் பன்னி எறங்குது, வருசா வருசம். தகரத்தத் தட்டிப் பந்தம் புடிச்சு ஓட்டறாரு. போன வருசம் ஒரு பன்னி தொடையக் கிழிச்சுப் போட்டுது, இன்னும் காலு சரியா ஊன மாட்டேங்குது. பக்கத்து ஊட்டுக்காரங்க துப்பாக்கி தாரோம், தாரோம்னு கெஞ்சறாங்க. தொட மாட்டேங்கறாருங்க. எந்துப்பாக்கி இன்னும் வேட்டையில இருக்குது சாமி, நான் எப்படி இன்னொன்னத் தொடுவேங்கறாரு."

"திரும்பி வருமா வராதான்னு கேக்கச் சொன்னாரா?"

"இல்லீங்க. வரலீன்னாலும் பரவால்லைங்கறாரு. வேட்ட முடிஞ்சுதா இல்லையா, அத மட்டும் கேட்டு வரச் சொன்னாருங்க. இந்தப் போகமும் போச்சுன்னா மனுசன் பொழைக்க மாட்டாருங்க."

3

அண்ணன் சொன்ன 'துப்பாக்கி ஆபீஸ்' என்னவென்று உங்களுக்கும் சொல்ல வேண்டும். இளவட்டமாக இருந்தபோது, சந்தையில் ஒரு கங்காணியின் பேச்சில் மயங்கிக் கப்பலேறினவன் நான். ரப்பர் தோட்டத்தில் வெகுகாலம் பால் வெட்டினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் ஓய்ந்த நேரத்தில் எழுத்தும் கொஞ்சம் இங்கிலீஷும் கற்றுக்கொண்டேன். பிறகு பட்டணத்துக்கு வந்தபோது, துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துப் பூட்டத் தெரிந்தவன் என்பதால் ஊர்க்காவல் தொண்டர் படையின் ஆயுதக் கொட்டடியில் ஸ்டோர்மேன் வேலை கிடைத்தது. பன்றிக்காகக் கற்ற வித்தை துரைமாரிடம் சோறு போட்டது.

சப்பான்காரன் வரப்போகிறான் என்ற பேச்சு எழுந்தபோது, ஆசியாக்காரர்களையும் படையில் சேர்க்கலாம் என்றார்கள். தமிழன், மலாய்க்காரன், சீனன் எல்லாரும் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களுக்குத் துப்பாக்கி வேண்டுமே? அதற்கு ஒரு கமிட்டி. மாதிரித் துப்பாக்கிகளை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவரோரம் நிற்பது என் வேலை. எனக்கு இங்கிலீஷ் புரியாது என்று நினைத்துக்கொண்டு அவர்கள் தாராளமாகப் பேசினார்கள்.

ஒருவர், சீமைத் தொழிற்சாலையில்தான் வாங்க வேண்டும், சாம்ராஜ்யத்துப் பணம் சாம்ராஜ்யத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டும் என்பார். சீமையில் அவர்களுக்கே பற்றாக்குறை, எப்போது வரும் என்று கேட்டால் பதில் இல்லை. இன்னொருவர் வியாபாரி, அமெரிக்காவில் போன சண்டைத் துப்பாக்கிகள் எண்ணெய் பூசிப் பெட்டியில் கிடக்கின்றன, உடனே வரவழைக்கலாம் என்பார். அந்த ஏஜன்சி அவருடையது என்று மற்றவர்களுக்குத் தெரியும். அதனால் அந்தத் துப்பாக்கி எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் அவர்களுக்குக் கோணலாகத்தான் சுடும். மூன்றாமவர் தோட்டத்துரை. அவர் மட்டுந்தான் மனத்தில் இருந்ததைச் சொன்னார்: "இன்றைக்கு ஜப்பானியனைச் சுடுவார்கள். நாளைக்குக் கூலி கூட்டிக் கேட்கும்போது யாரைச் சுடுவார்கள்?" தேநீர் வந்தது. இந்த ஊர்க் கஜானா கொடுப்பதா, சீமைக் கஜானா கொடுப்பதா என்று அடுத்த தகராறு தொடங்கியது. ஒவ்வொரு கூட்டமும் மேற்கொண்டு யோசிப்போம் என்று முடிந்தது.

ஒன்றே ஒன்றில் தகராறே வரவில்லை. துப்பாக்கி வரும்வரை மரத்துப்பாக்கி வைத்துப் பழகட்டும் என்றார்கள்; ஒரே கூட்டத்தில் முடிவாகிவிட்டது. மரக் காண்டிராக்டர் கமிட்டியில் ஒருவருக்குக் கூட்டாளி. கனமான காட்டு மரத்தில் கடைந்து, எடை சரியாக இருக்க அடியில் ஈயம் ஊற்றி, கறுப்பு வர்ணம் பூசி வந்தது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நானே ஏமாந்துபோவேன்.

அந்தப் படையில் முருகேசன் சேர்ந்தான். வேண்டாமடா என்றேன்.

"பெரியப்பா வீட்டுல துப்பாக்கி இருக்கு, நீங்க சின்ன வயசுலேயே சுட்டீங்கன்னு கதை கதையா சொல்வீங்களே! நான் மட்டும் தொடக்கூடாதாப்பா?"

அவன் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே. கொல்லிமலையைப் பார்த்ததில்லை. மலை என்று சொல்ல அவனுக்கு மலாய்ச் சொல்தான் வாயில் வரும், 'புக்கிட்' என்பான். பினாங்கு மலைக்கு ரயில் ஏறுவது போல நம்ம புக்கிட்டுக்கும் ரயில் ஏறுமா என்று கேட்டவன். காலால்தான் ஏற வேண்டும் என்றால் நம்பாமல் சிரிப்பான். அவனுக்கு ஊரென்று இருந்ததெல்லாம் நான் சொன்ன பன்றிக் கதையும் அந்தத் துப்பாக்கியும்தான்.

நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் கேளுங்கள். துப்பாக்கிக்கு வாரா வாரம் எண்ணெய் போட வேண்டும் என்று விதி. மரத்துப்பாக்கி வந்த பிறகு விதியை மாற்ற அதிகாரம் உள்ளவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே மரத்துக்கும் எண்ணெய் வழங்கினேன், துடைக்கத் துணியும் வழங்கினேன். குழல் சோதனை என்று ஒரு நாள். நிஜத் துப்பாக்கியில் பின்பக்கம் கட்டைவிரல் நகத்தை வைத்து வெளிச்சம் காட்டினால், அதிகாரி வாய் வழியாகக் குழலுக்குள் பார்ப்பார். பையன்கள் வரிசையாக நின்று மரத்துக்குப் பின்னால் நகத்தை வைத்துக்கொண்டு நீட்டினார்கள். துரை ஒவ்வொன்றாகக் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஓட்டையே இல்லாத மரத்தைப் பார்த்து, "சுத்தம்" என்றார். முருகேசன் முறை வந்தபோது அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அதற்குத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடித்துக் காட்டினான். பாப்பாத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

4

கடைசியில் நிஜத் துப்பாக்கியும் வந்தது. பெட்டி பெட்டியாக வந்து என் கொட்டடி நிறைந்துவிட்டது. பூட்டைத் திறந்து பெட்டியை உடைத்துப் பார்த்தால் ஒன்றிலும் போல்ட் இல்லை. குண்டைத் தள்ளிப் பின்பக்கம் அடைக்கிற இரும்புத் தண்டு அது. அது இல்லாத துப்பாக்கியால் தேங்காய் உடைக்கத்தான் முடியும்.

தொலைந்து போகவில்லை. கமிட்டி தீர்மானம். துப்பாக்கி இந்தக் கொட்டடியில், போல்ட் படகேறிப் போகிற அக்கரையில் வேறோர் அதிகாரியின் பூட்டுக்குள். ஆசியாக்காரர்களின் நம்பகத்தன்மை உறுதியான பிறகு சேர்த்துக் கொடுக்கலாமாம். வெள்ளைக்காரப் படைப்பிரிவுக்கு மட்டும் போல்ட்டோடு போயிற்று. சர்க்காருக்கு இரண்டு பக்கமும் திருப்தி: துப்பாக்கி வாங்கியும் ஆயிற்று, கொடுக்காமல் இருந்தும் ஆயிற்று.

"அப்பா, ஸ்டோர்ல வந்திருச்சாமே? பையனுங்க பேசிக்கிறாங்க."

"வந்திருக்குடா. போல்ட் வரல."

"எப்ப வரும்?"

"உன்னை நம்பினதுக்கு அப்புறம்."

"அதுக்கு நான் என்னப்பா செய்யணும்?"

முருகேசன் அந்த மரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனான். மலையடிவாரத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அவனும் அகமது என்ற மலாய்ப் பையனும் காவல். மாற்றாள் வரும்வரை நகரக் கூடாது என்பது உத்தரவு.

பட்டணத்தில் குண்டு விழுந்தது. சந்து சந்தாகப் பிணம். துரைமார் பெண்டு பிள்ளைகளோடு கப்பலேறிப் போய்விட்டார்கள். போகிற அவசரத்தில் போல்ட்டுகளைக் கடலில் கொட்டிவிட்டுப் போனதாகக் கேள்வி. மாற்றாளை அனுப்ப வேண்டிய அதிகாரியும் அந்தக் கப்பலில்தான் இருந்தார்.

மீதியை அகமது சொல்லித்தான் தெரியும். அவன் சட்டையைக் கழற்றி மரத்துப்பாக்கியோடு சேர்த்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, வாடா போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். "உத்தரவு வரலையே" என்றானாம் முருகேசன். நம்பவில்லை என்று சொன்னவர்களுக்கு நம்பிக்கையாக நின்றுகாட்ட வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ. மறுநாள் காலையில் சைக்கிளில் வந்த சப்பான் சிப்பாய்கள் ரோட்டு வளைவில் திரும்பியிருக்கிறார்கள். மேட்டில் காக்கிச் சட்டை, தோளில் துப்பாக்கி. தூரத்திலிருந்து பார்த்தவனுக்கு அது துப்பாக்கிதானே! சாகிறதற்கு அந்தக் கட்டை போதுமாக இருந்தது.

அவனை விட்டுப் போக மனமில்லாமல் புதருக்குள் பதுங்கியிருந்த அகமது எல்லாவற்றையும் பார்த்தான். ஒரு சிப்பாய் கிட்டே வந்து அதைக் கையில் எடுத்துப் புரட்டினான். விரல் கணுவால் தட்டிப் பார்த்தான். மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர்கள் சிரித்தார்களாம். இதை ஏன் என்னிடம் சொன்னான் அந்தப் பையன் என்று எத்தனையோ நாள் அவன்மேல் எனக்கு ஆத்திரம். சொல்லாமல் அவனாலும் இருக்க முடியவில்லை போலிருக்கிறது.

5

செங்கோடனிடம் இதையெல்லாம் சொன்னேன். மனிதர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானும் ஒன்னு சொல்றேனுங்க," என்றார் பிறகு. "உங்க துப்பாக்கி கடல் தாண்டல. தாலுக்கா ஆபீஸ் பின்னால கொட்டாய்ல வெறகுக் கட்டாட்டம் கட்டிப் போட்டிருந்தாங்க. ஒழுகுற கொட்டாய். மஞ்சக் கயிறு கட்டுனதை நானே எங்கண்ணுல பாத்தேன். எல்லாம் துருப்புடிச்சுப் போயி, சண்ட முடிஞ்சப்பறம் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. அத அவருகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலீங்க."

நான் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுகிற வயதெல்லாம் போய்விட்டது. அங்கே வைத்திருந்தவனிடம் வாங்கிக்கொண்டார்கள்; இங்கே கேட்டவனுக்குக் கொடுக்கவில்லை. பன்றியைச் சுட்டிருக்க வேண்டிய துப்பாக்கி அங்கே மழையில் கிடந்தது. சப்பான்காரனைச் சுட்டிருக்க வேண்டிய துப்பாக்கி இங்கே என் பூட்டுக்குள் கிடந்தது. அந்தப் பூட்டின் சாவி இன்னும் என்னிடம் இருக்கிறது. கேட்டு வாங்க யாரும் வரவில்லை.

ஆனால் இது என் புலம்பல். அண்ணனுடைய காடு அங்கே காத்துக்கொண்டிருக்கிறது. உண்மையைச் சொல்லியனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். வாங்கிக்கொண்டு போனது சர்க்கார். வேட்டை முடிந்தது என்று சொல்ல வேண்டியதும் சர்க்கார்தான். எந்தத் தாசில்தார் ஒரு பிடி சாமையை எடுத்துக்கொண்டு குண்டூர் நாட்டுக்கு மலையேறப் போகிறார்? அண்ணன் நொண்டிக் காலோடு தகரத்தைத் தட்டிக்கொண்டே சாக வேண்டியதுதான். அவரை விடுவிக்கக் கூடியவன் துப்பாக்கியைக் கொண்டுபோனவன் ஒருவன்தான். இல்லையென்றால் அவன் வீட்டார்.

"நான் என்னன்னு போயிச் சொல்லட்டுங்க?"

"துப்பாக்கி வந்து சேந்துச்சுன்னு சொல்லுங்க."

செங்கோடன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"முருகேசன் கையிலதான் இருந்துச்சுன்னு சொல்லுங்க. பையனும் போயிட்டான், துப்பாக்கியும் அவனோட போயிருச்சு. வேட்டை முடிஞ்சுது. அவன் அப்பன் சொல்லியனுப்புனான்னு சொல்லுங்க. இனிமே அண்ணன் யாரு துப்பாக்கிய வேணும்னாலும் வாங்கிக்கட்டும்."

சாமை மூட்டையை இழுத்து ஒரு பிடி அள்ளினேன். தரையில் கொஞ்சம் சிந்தியது. கமலம் குனிந்து பொறுக்கப் போனாள், வேண்டாம் என்றேன். பாப்பாத்தி முருகேசனுடைய பழைய கைக்குட்டை ஒன்றைக் கொண்டுவந்து விரித்துப் பிடித்தாள். நான் போட்டதும் அவளே முடிந்தாள்.

"இது அவரு குடுத்தனுப்புன சாமையேதானுங்களே?" என்றார் செங்கோடன்.

"ஆமாங்க. இங்க வேற ஏது?"

முடிச்சை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "வேட்டையில சுட்டாத்தானே எறச்சிப் பங்கு. சாமையக் குடுத்தா, அண்ணன் கட்டாயம் கேப்பாருங்க, பையன் சுடவே இல்லியான்னு. அதுக்கு என்ன சொல்லட்டும்?"

எல்லாப் பொய்யும் சொல்லியாயிற்று, இதற்கும் ஒன்று தேட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் பாப்பாத்தி முந்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவனைப் பற்றி வெளியாளிடம் அவள் பேசினது அன்றைக்குத்தான்.

"சுடலீங்க," என்றாள். "எம்மகன் யாரையும் சுடல. அதை மட்டும் நெசமாச் சொல்லுங்க."

செங்கோடன் தலையை ஆட்டிவிட்டு முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டார்.